காப்பை அடகு வைக்குமுன் ஒரு பங்காளியைத் தேடுங்கள்

ஒரு வீட்டில் புதிதாகத் தொழில் தொடங்கும் பேச்சு எழுந்தால், முதலில் எல்லோருடைய கண்ணும் போவது அந்த வீட்டுப் பெண்ணின் கைக்குத்தான். கையிலுள்ள காப்பும் கழுத்திலுள்ள மாலையும் அடகுக் கடைக்குப் போகும். அது போதாவிட்டால் வங்கிக் கடன். வங்கி பிணை கேட்டால் வட்டிக்குக் கொடுப்பவர். தொழில் நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாதம் பிறந்ததும் வட்டி மட்டும் தவறாமல் வாசலில் வந்து நிற்கும்.

இது எத்தகைய சுமை என்பதை நமது நாடு கண்டிருக்கிறது. 2018ஆம் ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் நுண்நிதி நிறுவனங்களிடம் பெற்றுக் கட்ட முடியாமல் தவித்த கடன்களில், ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்டவற்றை அரசாங்கமே தள்ளுபடி செய்ய முன்வந்தது. வட்டி ஹராம் என்பதை நாம் அறிவோம். அது ஒரு குடும்பத்தை எப்படி உருக்குலைக்கும் என்பதையும் பலர் பக்கத்து வீடுகளிலேயே பார்த்திருப்பீர்கள்.

அப்படியானால் கையில் முதல் இல்லாத ஒருவர் என்ன செய்வது? நல்ல யோசனையும் உழைக்கும் மனமும் உள்ள உங்கள் மகனோ மகளோ, அல்லது நீங்களே, எங்கே போவது? கடன் கொடுப்பவரிடம் போகுமுன் பங்காளியாக வரக்கூடியவரைத் தேடுங்கள் என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது. தேடும் முறையையும் பேசும் முறையையும் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பெயர் எங்கிருந்து வந்தது?

புதிய தொழில் முயற்சிகளுக்குத் தமது சொந்தப் பணத்தை முதலாகத் தந்து, பதிலுக்கு அந்தக் கம்பனியில் பங்கு பெற்றுக்கொள்ளும் தனி மனிதரை ‘ஏஞ்சல் முதலீட்டாளர்’ என்று அழைக்கிறார்கள். பெயரைக் கேட்டு வானத்து மலக்குமாரை நினைத்துக்கொள்ள வேண்டாம். நியூயோர்க் நகரின் பிரோட்வே நாடக அரங்குகளில், மேடையேறப் பணமில்லாத நாடகங்களுக்குக் கைகொடுத்த செல்வந்தர்களை நாடகக்காரர்கள் இப்படி அழைத்தார்கள். 1978இல் நியூ ஹம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் வில்லியம் வெட்சல், புதிய தொழில்களுக்கு முதல் எங்கிருந்து கிடைக்கிறது என்று ஆராய்ந்தபோது இச்சொல்லை வர்த்தகத் துறைக்குக் கொண்டு வந்தார்.

இவர் வங்கியைப் போன்றவர் அல்லர். பிணை கேட்கமாட்டார். மாதத் தவணையும் வாங்கமாட்டார். தொழில் விழுந்துவிட்டால் அவருடைய பணமும் அதோடு போய்விடும். தொழில் வளர்ந்தால் அவருடைய பங்கின் பெறுமதியும் வளரும். சில வருடங்களின் பின் அப்பங்கை விற்றோ, கம்பனி பகிரும் இலாபத்திலிருந்தோ தமது பலனை எடுத்துக்கொள்வார்.

நமக்குப் பழகிய பாதை

பெயர் புதிதானாலும் இதன் அடிப்படை நமக்குப் புதிதல்ல. மக்காவில் பெரும் வியாபாரியாக விளங்கிய கதீஜா (ரழி) அவர்கள் தாமே வணிகக் கூட்டத்துடன் பயணம் போகவில்லை. நம்பிக்கையானவர்களிடம் தமது சரக்கை ஒப்படைத்து இலாபத்தில் பங்கு கொடுத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் இளைஞராக இருந்தபோது அவர்களது நேர்மையைக் கேள்வியுற்றுத் தமது சரக்கை ஒப்படைத்து ஷாம் தேசத்துக்கு அனுப்பினார்கள். கூடவே மைஸரா என்ற பணியாளரையும் அனுப்பினார்கள். மைஸரா திரும்பி வந்து அந்தப் பயணத்தில் தாம் கண்டதை எடுத்துச் சொன்னார் என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. முதல் போட்டவர் ஒரு பெண். அவர் முதலில் பார்த்தது ஆளின் நம்பகத்தன்மையை.

ஒருவர் முதலையும் மற்றவர் உழைப்பையும் தரும் இவ்வகை வியாபாரத்தை ‘முழாரபா’ என்கிறோம். இருவருமே முதல் போட்டால் அது ‘முஷாரகா’. இவற்றில் இலாபத்தை ஒரு விகிதமாகவே பேசிக்கொள்ள வேண்டும். மாதம் இவ்வளவு ரூபா நிச்சயம் தருவேன் என்று முடிவு செய்யக் கூடாது. முழாரபாவில் நட்டம் வந்தால், உழைத்தவரின் கவனக்குறைவோ உடன்படிக்கை மீறலோ இல்லாதவரை, முதலுக்குரியவரே அதை ஏற்கிறார். உழைத்தவர் தமது உழைப்பை இழக்கிறார். ஏஞ்சல் முதலீட்டில் பங்கு கைமாறுவதால் அது முஷாரகாவுக்கு நெருக்கமானது.

எந்தத் தொழிலுக்கு எந்தப் பணம்?

பலர் தடுமாறுவது இங்கேதான். 2007ஆம் ஆண்டில் அமெரிக்க ஏஞ்சல் முதலீட்டாளர் குழுக்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியானது. அதன்படி முடிவுக்கு வந்த முதலீடுகளில் 52 சதவீதமானவை போட்ட பணத்தைவிடக் குறைவாகவே திருப்பித் தந்தன. 7 சதவீதமானவை மட்டும் பத்து மடங்குக்கு மேல் தந்தன. பாதிக்கு மேல் நட்டம் வரும் என்று தெரிந்தே ஒருவர் பணம் போடுகிறார் என்றால், வெற்றி பெறும் சிலவாவது பல மடங்கு வளரக் கூடியவையாக இருக்க வேண்டும் என்றுதான் அவர் எதிர்பார்ப்பார்.

ஓர் உதாரணத்தைப் பாருங்கள். ஒரு சகோதரி வீட்டில் இரண்டு தையல் இயந்திரங்களை வைத்துத் தைக்கிறார். மூன்றாவது இயந்திரம் வாங்கப் பணம் வேண்டும். இது நல்ல தொழில், ஹலாலான வருமானம். ஆனால் ஏஞ்சல் முதலீட்டாளர் இதற்கு வரமாட்டார். இவருக்குப் பொருத்தமானது உறவினர் ஒருவருடனோ தெரிந்த வியாபாரி ஒருவருடனோ செய்துகொள்ளும் முழாரபா அல்லது முஷாரகா. கிடைக்கும் இலாபத்தில் மாதாமாதம் பங்கு கொடுத்துவிடலாம்.

இன்னொரு சகோதரி, பல ஊர்களில் வீட்டிலிருந்தே தைக்கும் நூற்றுக்கணக்கான பெண்களையும் துணிக்கடைகளையும் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றினால் இணைக்க நினைக்கிறார். கடைக்காரர் ஓடர் கொடுக்கிறார். அது தைப்பவருக்குப் போகிறது. ஒவ்வொரு ஓடரிலும் கம்பனிக்கு ஒரு சிறு தொகை கிடைக்கிறது. ஐம்பது பேருக்காக அமைத்த ஏற்பாட்டை ஐயாயிரம் பேருக்கு விரிக்கச் செலவு அதே அளவில் பெருகாது. ‘ஸ்டார்ட்டப்’ என்று இக்காலத்தில் அழைப்பது இத்தகைய முயற்சியைத்தான். ஏஞ்சல் முதலீட்டாளர் தேடுவதும் இதையே.

எனவே முதலில் உங்கள் தொழில் எந்த வகை என்று முடிவு செய்யுங்கள். தவறான கதவைத் தட்டிவிட்டுத் திறக்கவில்லையே என்று மனமுடைவதை இதனால் தவிர்க்கலாம்.

கேட்கப் போகுமுன்

கையில் யோசனை மட்டும் இருந்தால் போதாது. அந்தத் தையல் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். செயலி உருவாகும் முன்பே, ஒரு கொப்பியும் தொலைபேசியும் வைத்துக்கொண்டு பத்துப் பெண்களையும் மூன்று கடைகளையும் இணைத்து இரண்டு மாதம் நடத்திப் பார்க்கலாம். எத்தனை ஓடர் வந்தது, எத்தனை நேரத்துக்கு முடிந்தது, யார் பணம் கொடுத்தார், யார் திரும்பி வரவில்லை என்று எழுதி வையுங்கள். முதலீட்டாளர் முன் வைக்க இதைவிட நல்ல சான்று கிடையாது.

பின்னர் பத்துப் பக்கத்துக்கு மேற்படாத ஒரு விளக்கம் தயாரியுங்கள். அதில் ஐந்து கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். யாருடைய எந்தக் கஷ்டத்தை நீக்குகிறீர்கள்? அதற்குப் பணம் கொடுப்பவர் யார்? இதுவரை எத்தனை பேர் கொடுத்திருக்கிறார்கள்? இதை நடத்த உங்களுக்கும் கூட இருப்பவர்களுக்கும் என்ன தகுதி? எவ்வளவு பணம், எதற்காக, எத்தனை மாதத்துக்கு வேண்டும்?

வீட்டுக் கணக்கையும் தொழில் கணக்கையும் ஒரே பணப்பையில் வைத்திருந்தால் உடனே பிரித்துவிடுங்கள். தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். வீட்டில் அரிசி வாங்கிய செலவும் தொழிலுக்கு நூல் வாங்கிய செலவும் கலந்து கிடக்கும் கணக்கைப் பார்த்து யாரும் பணம் தரமாட்டார்.

கம்பனியையும் பதிவு செய்துகொள்ளுங்கள். 1998 ஆகஸ்டில் லாரி பேஜ், சேர்ஜி பிரின் என்ற இரு மாணவர்கள் தங்கள் தேடுபொறியை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பனியின் தாபகர்களில் ஒருவரான அன்டி பெக்டொல்ஷைமுக்குக் காட்டினார்கள். அவர் பார்த்த மாத்திரத்தில் ‘கூகுள் கம்பனி’யின் பெயருக்கு 100,000 டொலர் காசோலை எழுதிக் கொடுத்தார். ஆனால் அப்படியொரு கம்பனி அப்போது பதிவாகவே இல்லை. பெயருக்குரிய வங்கிக் கணக்கும் இல்லாததால் காசோலை சில வாரங்கள் மேசை இலாச்சியில் கிடந்தது. செப்டம்பரில் கம்பனியைப் பதிவு செய்த பிறகே அதை மாற்ற முடிந்தது. அவர்களுக்குப் பொறுமையான ஒருவர் கிடைத்தார். எல்லோருக்கும் அப்படிக் கிடைக்கமாட்டார்.

இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் ஒரேயொரு பங்குதாரருடனும் கம்பனி ஒன்றைப் பதிவு செய்யலாம். தனியார் கம்பனியானால் பங்குதாரர் தொகை பொதுவாக 50க்கு மேற்படக் கூடாது. பொதுமக்களுக்குப் பங்கு விற்கவும் முடியாது. பங்கு கொடுத்து முதல் பெற வேண்டுமானால் கம்பனி அமைப்பே வசதியானது.

எங்கே தேடுவது?

நாம் நினைப்பதைவிட அருகிலேயே தேடலாம். உங்கள் தொழில் துறையில் பல வருடம் இருந்து, உழைத்துச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியைப் புதியவர்களுக்குக் கொடுக்க விரும்புபவரே சிறந்தவர். தையல் செயலிக்குத் துணி வியாபாரி ஒருவர் பணத்தோடு அனுபவத்தையும் அறிமுகங்களையும் கொண்டு வருவார். உங்களிடம் பொருள் வாங்குபவர், படித்த இடத்தின் பழைய மாணவர், வெளிநாட்டில் தொழில் செய்யும் உறவினர் எல்லோரையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒழுங்கமைந்த குழுக்களும் உள்ளன. நமது நாட்டில் லங்கன் ஏஞ்சல் நெட்வேர்க் 2012இல் தொடங்கப்பட்டது. அறிமுகமில்லாமல் கடிதம் அனுப்புவதைவிட, அவருக்குத் தெரிந்த ஒருவர் மூலம் அறிமுகமாவது பலனளிக்கும்.

சந்திப்புக்குத் தனியே போக விரும்பாத சகோதரிகள் கணவரையோ சகோதரரையோ தொழிலில் கூட இருக்கும் இன்னொரு பெண்ணையோ அழைத்துச் செல்லலாம். ஆனால் தொழிலைப் பற்றிப் பேச வேண்டியவர் நீங்கள். கணக்கைக் கேட்டால் பதில் உங்கள் வாயிலிருந்து வர வேண்டும்.

‘முடியாது’ என்ற பதில் பலமுறை வரும். ஜெப் பெஸோஸ் 1995இல் அமேசன் கம்பனிக்கு 10 இலட்சம் டொலர் திரட்ட ஏறத்தாழ 60 பேரைச் சந்தித்தார். இருபதுக்குச் சற்றுக் கூடியவர்களே சம்மதித்தார்கள். ஒவ்வொருவரும் சுமார் 50,000 டொலர் தந்தார்கள். எல்லோருக்குமாகச் சேர்த்து அவர் கொடுத்தது கம்பனியில் ஏறக்குறைய 20 சதவீதம். மறுத்தவர்களிடம் கோபித்துக்கொள்ளாமல் காரணம் கேளுங்கள். மூன்று பேர் ஒரே காரணத்தைச் சொன்னால் திருத்த வேண்டியது உங்கள் திட்டத்தில் இருக்கிறது.

எவ்வளவு கேட்பது, எவ்வளவு கொடுப்பது?

தையல் செயலிக்கு மாதம் 2 இலட்சம் ரூபா செலவாகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்துக்கு 24 இலட்சம் வேண்டும். இன்றைய நிலையில் அந்தக் கம்பனியின் பெறுமதி 96 இலட்சம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டால், பணம் வந்தபின் பெறுமதி 120 இலட்சமாகும். அதில் 24 இலட்சம் போட்டவரின் பங்கு 20 சதவீதம். உங்களுடையது 80.

கம்பனி வளர்ந்து அடுத்த வருடம் வேறொருவருக்கு 20 சதவீதம் கொடுத்தால் உங்கள் பங்கு 64 ஆகும். முதலாமவருடையது 16 ஆகும். மூன்றாம் முறையும் அவ்வாறே கொடுத்தால் உங்களிடம் 51ஐவிடச் சற்று அதிகம் எஞ்சும். ஆனால் அவசரத்தில் முதல் ஆளுக்கே பாதியைக் கொடுத்திருந்தால், அடுத்த முறையிலேயே 40க்கு இறங்கி, மூன்றாம் முறை 32இல் நிற்பீர்கள். உங்கள் சொந்தத் தொழிலில் உங்கள் சொல் எடுபடாது. ஆகவே தேவையான அளவு மட்டும் கேளுங்கள். கொடுக்கும் பங்கை எண்ணிக் கொடுங்கள்.

எழுதிக்கொள்ளுங்கள்

‘நம்ம ஆள்தானே, எழுத்தெல்லாம் எதற்கு’ என்ற பேச்சினால் எத்தனை குடும்பங்கள் பேச்சுவார்த்தையின்றிப் போயின! கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைக்கும்படி அல்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்து 282ஆம் வசனம் ஏவுகிறது. அல்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதுதான். எழுதுவது நம்பிக்கையீனம் என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

யாருக்கு எத்தனை பங்கு, எந்தத் தீர்மானத்துக்கு முதலீட்டாளரின் சம்மதம் வேண்டும், கணக்கு எப்போது காட்டப்படும், ஒருவர் விலகினால் அவரது பங்கு என்னவாகும், மௌத்தானால் வாரிசுகளுக்கு எப்படிச் சேரும் என்பன எழுத்தில் இருக்கட்டும். இருவர் மூவர் சேர்ந்து தொடங்கும்போது, பங்கை நான்கு வருடங்களில் சிறுகச் சிறுகச் சொந்தமாக்கிக்கொள்ளும் ஏற்பாடு உலகெங்கும் வழக்கிலுள்ளது. மூன்றாம் மாதம் விலகிப் போனவர் பாதிக் கம்பனிக்கு உரிமை கோருவதை அது தடுக்கும்.

சில முதலீட்டாளர் தரும் பத்திரம் கடனாகத் தொடங்கி, வட்டியோடு சேர்ந்து பின்னர் பங்காக மாறும். அதில் கையெழுத்திட வேண்டாம். நேரடியாகப் பங்கு தருவதாகச் சொல்லுங்கள். அமெரிக்காவின் வை கொம்பினேட்டர் நிறுவனம் 2013இல் அறிமுகம் செய்த ‘சேஃப்’ என்ற பத்திரத்தில் வட்டியும் இல்லை, தவணையும் இல்லை. எனினும் பங்கின் அளவு பின்னர்தான் முடிவாகிறது. வேறு சிலர், கம்பனி மூடப்பட்டால் தமது முதலை மற்றவர்களுக்கு முன் எடுத்துக்கொள்ளும் முன்னுரிமைப் பங்கு கேட்பார்கள். முஷாரகாவில் நட்டம் அவரவர் முதலின் விகிதப்படியே ஏற்கப்பட வேண்டும். ஆகவே இவ்விரண்டையும் வர்த்தகச் சட்டம் தெரிந்த ஓர் ஆலிமிடமும் ஒரு சட்டத்தரணியிடமும் காட்டிய பிறகே முடிவு செய்யுங்கள்.

யாரிடம் வாங்கக் கூடாது?

அமேசனுக்கு முதலில் பணம் போட்டவர்களில் பெஸோஸின் தாயும் தந்தையும் இருந்தார்கள். 1995இல் அவர்கள் போட்டது 245,573 டொலர். இந்த முயற்சி தோற்றுப் போக 70 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று மகன் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவர்கள் அதை அறிந்தே கொடுத்தார்கள். இந்தச் செய்தியில் பலர் பார்ப்பது பின்னால் வந்த கோடிகளை. நாம் பார்க்க வேண்டியது அந்த 70 சதவீதத்தை. உம்மாவிடம், மாமாவிடம், சாச்சியிடம் கேட்கும்போதும் இது முழுவதும் போய்விடக் கூடும் என்று சொல்லிவிட்டே கேட்க வேண்டும்.

இழந்தால் வாழ்க்கையே குலைந்துவிடும் பணத்தை வாங்காதீர்கள். இத்தாவிலிருந்து எழுந்த ஒரு விதவையின் கையிருப்பு, மகளின் திருமணத்துக்கு ஒருவர் ஒதுக்கிய தொகை, ஹஜ்ஜுக்குச் சேர்த்த பணம் இவையெல்லாம் அந்த வகை. அவர்கள் விரும்பித் தந்தாலும் நீங்கள் மறுக்க வேண்டும்.

ஊரில் பலரிடம் பணம் சேர்த்து ‘மாதம் இவ்வளவு இலாபம் நிச்சயம்’ என்று சொல்பவர்களையும் இங்கே நினைவூட்ட வேண்டும். இலாபத்தை முன்கூட்டியே தொகையாக நிச்சயித்து, முதலுக்கும் பொறுப்பேற்றால், என்ன பெயர் சூட்டினாலும் அது வட்டிதான். மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரமின்றிப் பொதுமக்களிடம் வைப்புப் பணம் ஏற்பது 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டப்படி குற்றமுமாகும். நீங்கள் அவ்வாறு வாங்கவும் வேண்டாம், அப்படிக் கேட்டு வருபவருக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

பணம் வந்த பிறகு

பங்காளியின் பணத்துக்கு மாதத் தவணை இல்லை. ஆனால் அது உங்கள் கையிலிருக்கும் அமானிதம். மாதம் ஒரு தடவை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது, எது பிழைத்தது என்று அதில் இருக்கட்டும். நல்ல செய்தியைச் சொல்ல யாருக்கும் தயக்கமில்லை. கெட்ட செய்தியை நேரத்தோடு சொல்பவரைத்தான் முதலீட்டாளர் நம்புவார். மூன்று மாதத்துக்குமுன் தெரிந்திருந்தால் உதவியிருப்பேன் என்று அவர் சொல்லும்படி வைத்துவிடாதீர்கள். ஒருவேளை தொழில் விழுந்தாலும், கணக்கைத் திறந்து காட்டிவிட்டு எழுந்தவரிடம் அதே ஆள் இரண்டாம் முறை பணம் தர முன்வரலாம். மறைத்தவருக்கு ஊரிலேயே கதவு திறக்காது.

இன்றிரவு வேலைகள் முடிந்தபின் ஒரு தாளை எடுங்கள். ஒரு பக்கத்தில், உங்கள் தொழில் முழாரபாவுக்கு உரியதா, ஏஞ்சல் முதலீட்டாளருக்கு உரியதா என்பதையும், தேவையான தொகையையும் எழுதுங்கள். மறுபக்கத்தில் நீங்கள் அணுகக்கூடிய பத்துப் பேரின் பெயரை எழுதுங்கள். பின்னர் அந்தப் பத்திலே, பணம் போய்விட்டால் எவருடைய வீட்டில் அடுப்பு எரியாதோ அவருடைய பெயரை வெட்டிவிடுங்கள். மீதியாக இருப்பவர்களில் முதலாமவரிடம் நாளை பேசலாம். அதுவரை காப்பு கையிலேயே இருக்கட்டும்.